விரலை மறைத்தால் கணக்கு வருமா?

ஜொகூர் பாருவிலிருந்து சிகாமட் வரை, முதலாம் ஆண்டுப் பிள்ளை இருக்கும் வீடுகளில் மாலை வேளையில் கேட்கும் கட்டளை ஒன்று உண்டு: "விரல்விட்டு எண்ணாதே, மனசுக்குள்ளே போடு!" பிள்ளையின் கை உடனே மேசைக்கு அடியில் போய்விடும். எண்ணுவது மட்டும் நிற்காது. கால்விரலிலோ நாக்கு நுனியிலோ தொடரும். இந்தக் கட்டளைக்குப் பின்னால் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. விரலைப் பிடிக்கும் பிள்ளை கணக்கில் மந்தம் என்பது ஒன்று. விடை எவ்வளவு விரைவாக வருகிறதோ அவ்வளவு கணக்குத் தெரியும் என்பது மற்றொன்று. முதலாவது தவறு என்று காட்ட இன்று நல்ல சான்றுகள் உள்ளன. இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது கூடுதல் கெடுதல் செய்கிறது.

ஒரு பிள்ளை கூட்டல் கற்கும் விதத்தை உளவியலாளர்கள் அரை நூற்றாண்டாகக் கவனித்து வருகிறார்கள். 2+6 என்று கொடுத்தால், தொடக்கத்தில் இரண்டு விரலை நீட்டி, பின் ஆறு விரலை நீட்டி, எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணும். பிறகு இரண்டை மனத்தில் வைத்துக்கொண்டு மூன்று, நான்கு என மேலே போகும். அப்புறம் ஒருநாள், பெரும்பாலும் யாரும் சொல்லாமலே, பெரிய எண்ணான ஆறிலிருந்து தொடங்கி ஏழு, எட்டு என்று முடித்துவிடும். இது சாதாரண விஷயமில்லை. கூட்டலில் வரிசை மாறினாலும் விடை மாறாது என்பதை அந்தப் பிள்ளை தன் போக்கில் பிடித்துக்கொண்டுவிட்டது. கை மேசைக்கு மேலே இருந்தால்தான் ஆசிரியரும் பெற்றோரும் இந்த மாற்றத்தைப் பார்க்க முடியும். சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விரலைப் பயன்படுத்தாத ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு விரலால் கூட்டக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். 37 விழுக்காடாக இருந்த சரியான விடைகள் பயிற்சிக்குப் பின் 77 விழுக்காடாக உயர்ந்தன. நாம் எதை நிறுத்தச் சொல்கிறோமோ, அதைக் கற்றுக்கொடுத்தே அவர்கள் பிள்ளைகளை முன்னேற்றியிருக்கிறார்கள்.

"அப்படியானால் நான்காம் ஆண்டிலும் விரலைப் பிடித்துக்கொண்டே இருக்கட்டுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒன்பது பத்து வயதில் 8+7-க்கு விரல் தேடும் பிள்ளை பின்தங்கியிருக்கிறது. பெருக்கலும் வகுத்தலும் செய்யும் நேரத்தில் சிறு கூட்டலுக்கே கவனம் முழுவதும் போய்விட்டால், பெரிய கணக்கு நடுவழியில் நழுவிவிடும். எனவே அடிப்படைக் கூட்டல்கள் சரளமாக வரவேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதற்கு வழி தடை அல்ல. அதே லோசான் குழுவினர் பிள்ளைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, ஏழு வயதில் கூட்டலில் முன்னணியில் இருந்தவர்கள் முன்பு விரலைப் பயன்படுத்திப் பிறகு தாமாகவே விட்டவர்கள் என்று தெரிந்தது. விரலையே தொடாதவர்கள் அவர்களை எட்டவில்லை. விடுவதற்கு ஏணிப்படி ஒன்றும் கையிலேயே இருக்கிறது. ஏழு விரலை நீட்டினால் மடங்கியிருப்பவை மூன்று. எட்டு நீட்டினால் இரண்டு. பத்தின் இணைகள் அனைத்தும் இப்படிக் கண்ணுக்குத் தெரியும். இவை பழகிய பிள்ளைக்கு 8+7 வரும்போது, எட்டுக்கு இரண்டு வேண்டும், ஏழிலிருந்து எடுத்தால் மிச்சம் ஐந்து, ஆகப் பதினைந்து என்று தானே வரும். ஒன்றொன்றாய் எண்ணும் தேவை அங்கே முடிகிறது.

கழித்தலில் சிக்கல் இன்னும் கூடுதல். "சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது" என்று முதலாம் ஆண்டிலேயே சொல்லி வைக்கிறோம். அடுத்த ஆண்டு 52-27 வருகிறது. இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 35 என்று எழுதுகிறது பிள்ளை. இது கவனக்குறைவு அல்ல; நாம் கொடுத்த விதியை அது அப்படியே பின்பற்றியிருக்கிறது. 1978-இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், மாணவர்களின் கழித்தல் பிழைகளை அலசினார்கள். பல பிழைகள் கண்டபடி வந்தவை அல்ல, ஒவ்வொரு மாணவரும் தாமாக வகுத்துக்கொண்ட ஒரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றியதால் வந்தவை என்று காட்டினார்கள். சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுத் திருப்பிக் கொடுப்பதால் அந்த விதி மாறாது. "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்ற பாட்டாலும் மாறாது, யாரிடம் எதைக் கடன் வாங்குகிறோம் என்பது பிள்ளைக்குத் தெரியாதவரை. ஐந்து சிவப்புப் பத்து வெள்ளி நோட்டும் இரண்டு நீல ஒரு வெள்ளி நோட்டும் கொடுத்து, 27 வெள்ளியை எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஏழு ஒற்றை நோட்டுக்கு வழியில்லை என்று கண்டதும், ஒரு சிவப்பு நோட்டைச் சில்லறையாக மாற்றித் தரும்படி பிள்ளையே கேட்கும். மீதி 25. தாளில் எழுதும் முறை அதன் பிறகு வந்தால், செய்து பார்த்ததை எழுதிவைப்பதாக இருக்கும்.

கழித்தல் என்றால் எடுத்துவிடுவது மட்டும்தான் என்ற எண்ணமும் பிள்ளையைக் கட்டிப்போடுகிறது. 52-49-க்குக் கடனே தேவையில்லை. ஐம்பது, ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு என்று மேலே எண்ணினால் மூன்று. ஒட்டுக்கடைக்காரர்கள் மீதிக் காசைக் கையில் வைத்து எண்ணிக் கொடுத்ததும் இந்த முறையில்தான். இப்போது கைப்பேசியைக் காட்டிப் பணம் கட்டிவிடுகிறோம். மீதி என்பதே பிள்ளைகளின் கண்ணில் படுவதில்லை. பெற்றோர் அவ்வப்போதாவது ரொக்கமாகக் கொடுத்தால் நல்லது.

ஜொகூர்க்காரர்கள் சொல்லும் மறுப்பு ஒன்று வேறு மாநிலத்தாரிடம் இவ்வளவு வலுவாக வராது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் சிறு வயதிலேயே பெரிய கணக்கைப் போடுகிறார்கள், நாம் விரலை எண்ணிக்கொண்டிருந்தால் எப்படி என்பது அது. சிங்கப்பூர் சாதாரண நாடல்ல. டிம்ஸ் (TIMSS) என்ற அனைத்துலகக் கணித, அறிவியல் மதிப்பீட்டில் 2023-இல் நான்காம் வகுப்புக் கணிதத்தில் 615 புள்ளிகளுடன் உலகில் முதலிடம். மலேசியா கலந்துகொள்ளும் எட்டாம் வகுப்பு மதிப்பீட்டிலோ நமது புள்ளிகள் 1999-இல் 519, 2023-இல் 411. இந்தச் சரிவுக்குக் காரணங்கள் பல. விரலைக் காரணம் காட்ட முடியாது. ஆனால் சிங்கப்பூர் முதல் வகுப்பில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் நம் எண்ணத்துக்கு நேர்மாறானது தெரிகிறது. அங்கும் எண்கள் நூறு வரைதான். நம் கலைத்திட்டத்தில் முதலாம் ஆண்டுக்கு இருப்பதும் அதுவே. முதல் இரண்டு வகுப்புகளில் மதிப்பெண் தேர்வுகளை அவர்கள் 2019-இல் எடுத்துவிட்டார்கள். நாமும் அதே ஆண்டில் முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தேர்வை நீக்கினோம். அவர்களின் பலம் வேகத்தில் இல்லை. முதலில் பொருள், பிறகு படம், கடைசியில் எண் என்ற வரிசையிலும், ஓர் எண்ணை இரண்டாகப் பிரித்துச் சேர்க்கும் பயிற்சியிலும் இருக்கிறது. அந்த வரிசை அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனரின் 1960-களின் கருத்தை ஒட்டியது. ஜொகூர் பாரு கடைகளில் சிங்கப்பூர்ப் பயிற்சி நூல்களை வாங்கும் பெற்றோர், பயிற்சியை மட்டும் வாங்கி வருகிறார்கள். பொருளும் படமும் அக்கரையிலேயே நின்றுவிடுகின்றன.

செம்போவா எனும் மணிச்சட்ட வகுப்புகளைப் பற்றிக் கேட்பார்கள். மணிச்சட்டத்தை மனத்தில் ஓட்டிக் கணக்கிடும் பிள்ளையின் வேகம் கண்கட்டு வித்தையல்ல, உண்மையானதுதான். குஜராத்தின் வடோதராவில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து மூன்று ஆண்டுகள் நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. மணிச்சட்டம் கற்றவர்கள் கணக்கீட்டில் மற்றவர்களை முந்தினார்கள். ஆனால் அவர்களின் பொதுவான மூளைத் திறன் மாறியதாகத் தெரியவில்லை. ஆகவே அதைக் கணக்கீட்டுப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாம். மூளையை வளர்க்கும் என்று நம்பிப் பணம் கட்ட வேண்டியதில்லை. அந்த மணிகளும் கையால் தொட்டு நகர்த்தப்படுபவையே என்பதை விரலைத் தடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

வேகத்தையே குறியாக வைத்தால் வாக்கியக் கணக்கில் வந்து முட்டுவோம். "அதிகம் என்றால் கூட்டு, குறைவு என்றால் கழி" என்பது டியூஷனில் கொடுக்கும் குறுக்குவழி. கவியிடம் 12 கோலிகள், அது மாறனிடம் இருப்பதைவிட 5 அதிகம், மாறனிடம் எத்தனை? குறுக்குவழி 17 என்கிறது, விடை 7. சரியாகச் செய்பவர்கள் சொல்லை மட்டும் பொறுக்கி எடுக்காமல் சூழலை மனத்தில் வரைந்து பார்க்கிறார்கள் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கணக்குக்கு மொழி தேவையில்லை என்பவர்களுக்கும் இந்தக் கோலிக் கணக்கே பதில். 2003-இல் கணிதத்தை ஆங்கிலத்துக்கு மாற்றி, 2009-இல் அந்த முடிவைக் கைவிட்ட நாடு நாம். எந்த மொழியில் பாடம் நடந்தாலும், எப்படி யோசித்தாய் என்ற கேள்விக்குப் பிள்ளை தனக்கு நன்றாக வரும் மொழியில்தான் பதில் சொல்ல முடியும்.

அடுத்த தவணைக்கு டியூஷன் பணம் கட்டுமுன், 13-இலிருந்து 8-ஐக் கழிக்க என்னென்ன வழிகள் காட்டுவீர்கள் என்று அங்கே கேளுங்கள். ஒரே ஒரு வழியும் ஒரு கடிகாரமும்தான் பதில் என்றால், அந்தப் பணத்தைப் பத்து சென் காசுகளாக மாற்றி வீட்டு மேசையில் கொட்டுங்கள். பிள்ளையின் கை மேசைக்கு மேலேயே இருக்கட்டும்.