மழைத் தண்ணீரில் நடந்தால் காய்ச்சலா?

கேள்வி: முழங்காலளவு தண்ணீரில் செம்பூர் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன். காலில் செருப்புக் கடித்த புண். எலிக்காய்ச்சல் வரும் என்கிறார்கள். எங்கள் வீட்டில்தான் எலியே இல்லையே?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: வீட்டில் இல்லாவிட்டால் என்ன, சாக்கடையில் இருக்கிறதே! லெப்டோஸ்பைரா என்னும் சுருள் வடிவ பாக்டீரியா எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். எலிக்கு அதனால் பெரிய தொந்தரவு கிடையாது. சிறுநீரோடு வெளியேறி, தேங்கிய தண்ணீரில் கலந்து, உங்களுடையதைப் போன்ற புண் வழியாக உடம்புக்குள் நுழைகிறது. நாய், மாடு, பன்றியும் இதைப் பரப்பும்.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் வடிந்த பிறகுதான் மும்பையில் எலிக்காய்ச்சல் வேகமெடுத்தது. காரணம், தண்ணீரில் நடந்த அன்றே காய்ச்சல் வராது. பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாள் கழித்தே வரும். அதற்குள் நனைந்ததே நமக்கு மறந்திருக்கும்.

குளிரோடு காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் வலி, கண் சிவப்பு இருந்தால் தாமதிக்காதீர்கள். முற்றினால் மஞ்சள் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரலில் ரத்தக்கசிவு வரை போகும். டெங்குவும் மலேரியாவும் உலவும் பருவம் என்பதால், அவற்றோடு குழம்பாமலிருக்க, தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

காய்ச்சல் வராவிட்டாலும், நடந்த மூன்று நாளுக்குள் மாநகராட்சி மருந்தகத்துக்குப் போய்விடுங்கள். தடுப்புக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை தருவார்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அது ஆகாது. வேறு மருந்து உண்டு. பக்கத்து வீட்டு மாத்திரையைக் கடன் வாங்க வேண்டாம்!