காப்பீடும் வாய்மையும்

'காப்பு', 'ஈடு' என்னும் இரு சொற்கள் இணைந்து உருவானதே காப்பீடு. காப்பு என்பது பாதுகாவலைக் குறிக்கும். ஈடு என்பது இழந்ததற்கு நிகராகத் தருவதைக் குறிக்கும். இவ்விரண்டையும் தாங்கி நிற்கும் அடித்தளம் வாய்மையே என்பதைச் சட்டத்தின் வழிநின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோட்பாட்டின் தோற்றம்

பொதுவாக, வாங்குவோர் பொருளைத் தாமே ஆராய்ந்து கொள்ளுதல் வணிக மரபு. காப்பீட்டிலோ நோய், பழக்கம் முதலிய உண்மைகளைக் காப்பீடு கோருபவரே அறிவார். ஆதலின் அவற்றை மறையாது உரைத்தல் அவர் கடமையாகிறது. 1766ஆம் ஆண்டில் கார்ட்டர் – போம் வழக்கில் இங்கிலாந்து நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு இக்கோட்பாட்டை வகுத்துரைத்தார். சுமத்திராவிலிருந்த மார்ல்பரோ கோட்டை 1760இல் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. கோட்டையின் வலுவின்மையை ஆளுநர் கார்ட்டர் மறைத்தார் எனக் கூறி, ஈடு தர ஒப்பியவர் மறுத்தார். தாமே அறிந்திருக்கக் கூடியதைக் காட்டி ஈட்டை மறுத்தல் தகாது எனத் தீர்ப்பாயிற்று. எனவே வாய்மை இருசாரார்க்கும் உரிய கடமை என்பது பெறப்படும்.

இந்தியச் சட்டம்

1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு இருசாரார்க்கும் வரம்பு கட்டுகிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் வழங்கி மூன்றாண்டுகள் கடந்தபின் எக்காரணம் கொண்டும் அதன் செல்லுபடியை வினவ இயலாது. காலாவதியாகிப் புதுப்பிக்கப்பட்ட பத்திரமாயின், புதுப்பித்த நாளிலிருந்து மூன்றாண்டு கணக்கிடப்படும். அக்காலத்திற்குள், வஞ்சகமின்றி இன்றியமையாச் செய்தி விடுபட்டமை காட்டிப் பத்திரத்தை மறுத்தால், செலுத்திய பிரீமியத்தை 90 நாள்களுக்குள் திருப்பித் தருதல் காப்பீட்டாளர் கடமை. வஞ்சகம் எனக் குற்றஞ்சாட்டப்படின் நிலை வேறு. பாலிசிதாரர் உயிருடன் இல்லையெனில், அதனைப் பொய்யென மெய்ப்பிக்கும் சுமை பயன்பெறுவோர் மீதே விழுகிறது.

இங்கேதான் நாம் விழிப்புற வேண்டும். முகவர் படிவத்தை நிரப்ப, நாம் கையொப்பம் மட்டும் இடும் வழக்கம் பரவலாக உள்ளது. சர்க்கரை நோய் உண்டா என்னும் வினாவிற்கு 'இல்லை' என எழுதியது முகவரின் கையாயினும், கீழே உள்ள கையொப்பம் நம்முடையதே. குடும்பத் தலைவர் மறைந்தபின், அவ்வொரு சொல்லுக்கு அவர் மனைவி மக்கள் விடையிறுக்க நேர்கிறது.

உரிமை மறுக்கப்படின்

காப்பீட்டாளருக்கு முதலில் எழுத்து வடிவில் முறையிடல் வேண்டும். அவர் மறுத்தாலோ, ஒரு மாதத்திற்குள் விடை தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். இதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. சென்னையிலும் இவ்வலுவலகம் உள்ளது.

முடிவுரை

பிரீமியம் செலுத்துவதோடு பாலிசிதாரர் கடமை முடிவதில்லை; பிரீமியம் பெறுவதோடு காப்பீட்டாளர் கடமையும் முடிவதில்லை. கற்ற இளைஞர் ஒவ்வொருவரும் தம் பெற்றோர் கையொப்பமிடுமுன் அப்படிவத்தை வரி வரியாகப் படித்துக் காட்டி, உண்மையை உள்ளவாறே எழுதி, அதன் படியொன்றை வீட்டில் பாதுகாத்தல் வேண்டும். கல்வியால் குடும்பத்திற்கு விளையும் பயன்களுள் இதுவும் ஒன்று என்பது நம் துணிபு.