மீன் குட்டையில் தண்ணீர் கலங்கினால் என்ன செய்யலாம்?



வீட்டுத் தோட்டத்தில் மரக்கறி பயிரிடுவதோடு, லயத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு மீன் குட்டையும் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பிள்ளைகளுக்குக் கிழமையில் ஒரு நாளாவது மீன் கறி கிடைக்கட்டும் என்று பாடுபட்டு வெட்டிய குட்டை அது. ஒரு பெரிய மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால், தண்ணீர் பால் தேத்தண்ணி மாதிரி கலங்கிக் கிடக்கும். "மீன் இருக்கா, செத்துப் போச்சான்னுகூடத் தெரியலையே" என்று மனம் பதறும்.

உடனே ஒருவர், "எல்லாத் தண்ணியையும் வெட்டி விடு" என்பார். இன்னொருவர், "ஒரு பிடி சுண்ணாம்பு போடு, தெளிஞ்சிடும்" என்பார். இங்கேதான் கவனம் வேண்டும். கலங்கலால் சாகாத மீன், நாம் அவசரப்பட்டுச் செய்யும் வைத்தியத்தால் செத்துப் போகலாம். காய்ச்சல் என்றால் எதனால் வந்தது என்று பார்த்துத்தானே மருந்து தருகிறார்கள்? கலங்கலும் அப்படித்தான். ஏன் கலங்கியது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பிறகுதான் வைத்தியம்.

1. போத்தல் சோதனை

இதற்கு ஒரு சதமும் செலவில்லை. உள்ளே தெரியக்கூடிய ஒரு போத்தலைக் கழுவி, குட்டைத் தண்ணீரை நிரப்பி மூடுங்கள். யாரும் ஆட்டாத இடத்தில் வைத்து, மறுநாள் காலையில் பாருங்கள்.

அ) அடியில் மண் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்திருந்தால் அது வண்டல். மழை கொண்டுவந்தது, அல்லது மீன் கிளறிவிட்டது.

ஆ) இரண்டு மூன்று நாளாகியும் தெளியாமல் காவி நிறமாகவே இருந்தால் அது மெல்லிய களிமண்.

இ) தண்ணீர் பச்சையாக இருந்தால் அது பாசி.

ஈ) தண்ணீர் தெளிவாக, ஆனால் சாயத்தண்ணி நிறத்தில் இருந்தால் அது இலைகள் ஊறி இறங்கிய சாயம்.

நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு.

2. வண்டல்: கான் வெட்டினால்தான் தீரும்

மலையில் கான் வெட்டிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. கானில் இடைக்கிடை குழி விடுகிறோமே, ஏன்? மழைத்தண்ணீரோடு ஓடிவரும் மேல்மண் அந்தக் குழியில் தங்க வேண்டும் என்பதற்காக. அதே வேலையைக் குட்டைக்கும் செய்யுங்கள்.

குட்டையின் மேல்பக்கத்தில் ஒரு சிறு கான் வெட்டி, சரிவிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீரைப் பக்கமாகத் திருப்பி விடுங்கள். அது அடுத்த வீட்டுக்காரர் வாசலுக்கோ லயத்தின் அத்திவாரத்துக்கோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீலியிலிருந்தோ ஓடையிலிருந்தோ வரும் தண்ணீரை நேரே குட்டைக்குள் விடாதீர்கள். இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு குழி வெட்டுங்கள். தண்ணீர் முதலில் அதில் விழுந்து, நிரம்பி வழிந்து, பிறகு குட்டைக்குப் போகட்டும். மண் குழியிலேயே தங்கிவிடும். மழை விட்டதும் அதை அள்ளி மரக்கறிப் பாத்தியில் போடலாம்; அது நல்ல மேல்மண். கடும் மழை நேரத்தில் குட்டைக்கு வரும் வழியை அடைத்து வையுங்கள்.

கரையை அரையடியாவது உயர்த்தி, வெட்டிவேரோ மானாப் புல்லோ நடுங்கள். தண்ணீர் ஓரம் வரை கொத்திப் பயிர் செய்ய வேண்டாம். மாடு, ஆடு கரையை மிதிக்கவும் விடக்கூடாது.

மழையே இல்லாமல் கலங்குகிறதா? கார்ப் மீன் அடிச்சேற்றைக் கிளறிப் புழு பூச்சி தேடித் தின்னும் மீன். ஆகவே கார்ப் விட்ட குட்டை கொஞ்சம் கலங்கலாக இருப்பது இயல்பு, பயப்படத் தேவையில்லை. மிகவும் கலங்கினால் மீன் அதிகமா என்று பாருங்கள். 10 அடிக்கு 8 அடி குட்டைக்கு 10 முதல் 15 மீன் போதும்.

3. தெளியாத களிமண்

களிமண் துகள்கள் எல்லாம் ஒரே வகையான மின்னேற்றம் கொண்டவை. அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, அடியில் படியாமல் தண்ணீரிலேயே மிதக்கின்றன. கல்சியம், மக்னீசியம் சேர்ந்தால் இந்தத் தள்ளுதல் குறையும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பாரமாகி, கீழே இறங்கும்.

இதற்கு நமக்குத் தெரிந்த டொலமைட் நல்லது. தேயிலை புளிப்பு மண்ணில் வளரும் செடி. அப்படிப்பட்ட மண்ணில் வெட்டிய குட்டைத் தண்ணீரும் புளிப்பாகவே இருக்கும். டொலமைட் அந்தப் புளிப்பையும் குறைக்கும். 10 அடிக்கு 8 அடி குட்டைக்கு ஒரு கிலோ போதும். வாளித் தண்ணீரில் கரைத்து, குட்டை முழுவதும் பரவலாகத் தெளியுங்கள். மீன் உள்ளே இருக்கும்போதே செய்யலாம். இரண்டு கிழமை பொறுத்துப் பாருங்கள்.

கவனம்: வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு வேறு, டொலமைட் வேறு. சுண்ணாம்பு தண்ணீரின் தன்மையைத் திடீரென்று மாற்றி, மீனின் செவுளைப் புண்ணாக்கிவிடும். மீன் இருக்கும் குட்டையில் அதைப் போடவே கூடாது.

அதற்கும் தெளியாவிட்டால் மட்டும் படிகாரம் (சீனாக்காரம்). அளவை இப்படிக் கணக்கிடுங்கள். 10 அடி நீளம், 8 அடி அகலம், 3 அடி ஆழம்: பெருக்கினால் 240 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லீற்றர் என்றால் ஏறக்குறைய 6,700 லீற்றர். ஆயிரம் லீற்றருக்கு 15 கிராம் வீதம், மொத்தம் 100 கிராம்.

அந்த 100 கிராமை 10 லீற்றர் தண்ணீரில் நன்றாகக் கரையுங்கள். அந்தக் கரைசலில் மூன்று தேக்கரண்டி மட்டும் எடுத்து, ஒரு வாளியில் உள்ள 10 லீற்றர் குட்டைத் தண்ணீரில் கலந்து வையுங்கள். மறுநாள் வாளித் தண்ணீர் தெளிந்திருந்தால் மாத்திரம் மீதியைக் குட்டையில் பரவலாக ஊற்றலாம். படிகாரம் புளிப்பைக் கூட்டும். ஆகவே ஒரு கிழமைக்கு முன்பே டொலமைட் போட்டிருக்க வேண்டும்.

4. பச்சைத் தண்ணீர்: அளவோடு நல்லது

இளம்பச்சைத் தண்ணீரைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். அந்த நுண்ணிய பாசிதான் மீனின் உணவுக்கு அடிப்படை. கையை நேராகத் தண்ணீருக்குள் இறக்குங்கள். முழங்கை நனையும் இடத்தில் உள்ளங்கை மறைந்தால் பச்சை சரியான அளவு. மணிக்கட்டு நனையும்போதே மறைந்தால் மிதமிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

மிதமிஞ்சினால் என்ன ஆபத்து? பகலில் பாசி தண்ணீருக்கு ஒட்சிசன் கொடுக்கும். இரவிலோ பாசியும் மூச்சு விடும். மீனும் மூச்சு விடும். விடியும் நேரத்தில் ஒட்சிசன் மிகவும் குறைந்துவிடும். பிரட்டுக்குப் போகுமுன் குட்டையை எட்டிப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது ஆபத்து. உடனே புதுத்தண்ணீரை உயரத்திலிருந்து விழும்படி விடுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் குட்டைத் தண்ணீரையே வாளியால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். அன்று தீனி வேண்டாம்.

பிறகு நாலில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் எடுத்து மரக்கறிக்கு ஊற்றிவிட்டு, புதுத்தண்ணீர் விடுங்கள். சாணி, கோழி எரு, யூரியா போடுவதை நிறுத்துங்கள். தவிடு, புண்ணாக்கு, மிச்சச் சோறு எதுவானாலும் கால் மணி நேரத்தில் மீன் தின்று முடிக்கிற அளவே போடுங்கள்.

சாயத்தண்ணி நிறமென்றால் விழுந்து கிடக்கும் இலைகளை வலையால் வாரி எடுங்கள். மேலே தொங்கும் கிளைகளையும் வெட்டி விடுங்கள்.

5. செய்யவே கூடாதவை

• எல்லாத் தண்ணீரையும் ஒரே நாளில் மாற்றுவது.

• மருந்து டேங்கை, மருந்து பட்ட உடுப்பைக் குட்டையிலோ குட்டைக்கு வரும் ஓடையிலோ கழுவுவது. கொப்புள நோய்க்குத் தெளிக்கும் செம்பு மருந்து மீனுக்குக் கடும் விஷம்.

• "பாசி சாகட்டும்" என்று செம்பு மருந்தையோ புல் மருந்தையோ ஊற்றுவது.

• சவர்க்காரத் தண்ணீரைக் குட்டைக்குத் திருப்புவது.

• சுற்றி வேலி போடாமல் விடுவது. கலங்கிய தண்ணீரில் தவறி விழுந்த குழந்தை கண்ணுக்குத் தெரியாது.

6. இந்தக் கலங்கல் குட்டையின் குற்றமல்ல

எப்போதும் தெளிவாக ஓடும் பீலித் தண்ணீரோ ஊற்றுத் தண்ணீரோ மழை நாளில் திடீரென்று சேறாக வந்தால், அல்லது ஊற்று இல்லாத இடத்தில் புதிதாகக் கலங்கல் ஊற்று கிளம்பினால், குட்டையை மறந்துவிடுங்கள். அது மண்சரிவுக்கு முன்னறிகுறியாக இருக்கலாம். நிலத்தில் வெடிப்பு, சரிந்து நிற்கும் மரம் ஆகியவையும் அப்படியே. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை நாம் மறக்க முடியாது. பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டு, கிராம உத்தியோகத்தருக்கோ அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கோ அறிவியுங்கள்.

இதே காரணத்தால் லயத்துக்கு மேலே உள்ள சரிவில் குட்டை வெட்டவே கூடாது. தேங்கும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி மண்ணைத் தளர்த்தும். புதிதாகக் குட்டை வெட்ட நினைப்பவர்கள் இடத்தைத் தோட்ட நிர்வாகத்துக்குக் காட்டி, அனுமதி பெற்ற பிறகே மண்வெட்டியை எடுங்கள்.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் குட்டைக்கு மழைத்தண்ணீர் எந்தப் பக்கமிருந்து இறங்குகிறது? அதை எங்கே திருப்பலாம்?

2. போத்தல் சோதனையில் உங்களுக்குக் கிடைத்தது எது? அ, ஆ, இ, ஈ?

3. உங்கள் குட்டைக்கு மேலே மருந்து தெளிக்கும் மலை இருக்கிறதா? தெளிக்கும் நாளை முன்கூட்டியே அறிய யாரிடம் கேட்க வேண்டும்?

பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு இன்றைக்கே ஒரு போத்தலை நிரப்பி வையுங்கள். நாளைக் காலையில் அதைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.