ஓட்டமும் உரமும்

உடலை ஓம்பும் கருத்துடைய மாணவர் பெரும்பாலும் இரு திறத்தினராவர். விடியலில் எழுந்து மைதானத்தைப் பன்முறை சுற்றி ஓடுவர் ஒரு திறத்தார். மாலையில் தேகப்பயிற்சிச் சாலை புகுந்து பளு தூக்கியும், தண்டால், பஸ்கி முதலியன செய்தும் உரம் பெருக்குவர் மற்றொரு திறத்தார். முன்னவர் பின்னவரைப் பாரவண்டி என நகைப்பர். பின்னவர் முன்னவரை நாணற்றட்டை என இகழ்வர். இவ்விரண்டனையும் ஒருங்கே பெற விழையும் மூன்றாந் திறத்தாரும் உளர். இடர் மிகுதியும் இவர்க்கே. இரண்டையும் முழு அளவிற் செய்யப் புகுந்து, சின்னாளிற் கால்நோவும் சோர்வும் உற்று, ஈற்றில் இரண்டையும் கைவிடுகின்றனர். அன்னார் பொருட்டே இக்கட்டுரை எழுந்தது.

முதற்கண் இப்பயிற்சிகள் உடலில் விளைக்கும் மாறுதல்களைக் காண்போம். நெடிது ஓடுதல், நீந்துதல், மிதிவண்டி செலுத்துதல் என்பன இருதயத்தைப் பழக்குவன. நாளடைவில் அது ஒவ்வொரு துடிப்பிலும் முன்னினும் மிகுதியான இரத்தத்தைச் செலுத்துகின்றது. தசைகளில் மயிரிழையினும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. பிராணவாயுவின் துணைகொண்டு உணவினின்றும் ஆற்றலை வெளிப்படுத்தும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புக்களும் தசையில் மிகுகின்றன. இவ்வுண்மையை எலிகளை ஓடப் பழக்கி 1967-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் அமெரிக்க அறிஞர் ஜான் ஹாலோசி என்பார். பளுப் பயிற்சியின் நெறி வேறு. அது முதலில் தசைகளை ஏவும் நரம்புகளைத் திறம்பட இயங்கச் செய்து, பின்னர்த் தசைநார்களைத் தடிக்கச் செய்கின்றது, எலும்பையும் உறுதிப்படுத்துகின்றது.

இவை இரண்டும் தம்முட் பகையாமோ? இவ்வினாவை ஆராயப் புகுந்தவர் ராபர்ட் ஹிக்ஸன். பளுப் பயிற்சியில் ஈடுபாடுடைய அவர், ஹாலோசியின் ஆய்வுக்கூடத்திற் பயின்ற காலத்து அவருடன் ஓடலானார். ஓட ஓடத் தம் தசைத்திரள் குறைதலைக் கண்டு வியந்தார். அவ்வியப்பே ஆராய்ச்சியாய் விளைந்து 1980-இல் வெளிவந்தது. ஒரு குழுவினர் வாரத்தில் 5 நாள் வலிமைப் பயிற்சி செய்தனர். மற்றொரு குழுவினர் 6 நாள், நாளொன்றுக்கு 40 நிமிடம் ஓட்டமும் மிதிவண்டியும் பயின்றனர். மூன்றாங் குழுவினரோ இவ்விரண்டனையும் குறையாது முழுமையாகச் செய்தனர். 10 வாரம் கழிந்தது. மூன்றாங் குழுவினர்க்கு மூச்சாற்றல் குறைவின்றி வளர்ந்தது. ஆனால் அவர்தம் கால்வலிமை 7 வாரம் வரை ஏறி, பின்னர் நின்று, இறுதி வாரங்களில் இறங்கலாயிற்று.

இதனைக் கேட்ட பலர், ஓட்டம் வலிமைக்குப் பகை என்று முடிவு கட்டினர். அது பிழை என்பதைப் பின்லாந்து நாட்டிற் பாவோலைனன் என்பாரும் உடனிருந்தோரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு காட்டும். தேர்ந்த நெடுந்தூர ஓட்டக்காரர் சிலர்க்கு, 9 வார காலம், பயிற்சி நேரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைக் குறுகிய விரைவோட்டம், துள்ளுதல், சிறு பளுவை விரைந்து உந்துதல் ஆகியவற்றிற்கு ஒதுக்கினர். மொத்த நேரத்தை மிகுத்திலர். முடிவில் அவர்கள் 5 கிலோமீட்டர் தூரத்தை முன்னினும் குறைந்த நேரத்தில் ஓடினர். அவர்தம் உடல் ஏற்கும் பிராணவாயுவின் உச்ச அளவு உயரவில்லை; ஓட்டத்தின் சிக்கனமே உயர்ந்தது.

இவ்விரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்து நோக்குமின். முன்னதில் ஒரு முழுச் சுமையின்மேல் மற்றொரு முழுச் சுமை ஏற்றப்பட்டது. பின்னதில் ஒரே சுமை இரண்டாகப் பகிரப்பட்டது. கூட்டியவிடத்துப் பகை; பகிர்ந்தவிடத்து நட்பு. இதுவே நாம் கொள்ளத்தக்க பாடம்.

இனி இதனைச் செயற்படுத்துமாறு கூறுவாம். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த நெறிப்படி, வளர்ந்தோர்க்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான இயக்கமோ, 75 முதல் 150 நிமிடம் வரை கடுமையான இயக்கமோ வேண்டும். தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி 2 நாளேனும் வேண்டும். ஆதலின் திங்களும் வியாழனும் வலிமைப் பயிற்சிக்கு ஆகுக. செவ்வாயும் வெள்ளியும் உடன் வருவாரோடு உரையாடிக்கொண்டே ஓடத்தக்க மெல்லோட்டத்திற்கு ஆகுக. புதனன்று நடத்தல் போதும். சனியன்று நீண்ட அல்லது விரைந்த ஓட்டம் அமைக. கால்களை வருத்தும் பளுப் பயிற்சிக்கு மறுநாள் விரைந்தோடுதல் தகாது. ஒரே நாளில் இரண்டும் செய்ய நேரின், எது நம் முதல் நோக்கமோ அதனை முன்னர்ச் செய்து, இடையே சில மணி நேரம் விடுதல் நலம். பருப்பு, பயறு, நிலக்கடலை, முட்டை, மீன் ஆகியவற்றுள் இயன்றதை உணவிற் சேர்த்தலும், பரீட்சைக் காலத்தும் உறக்கத்தைக் குறைக்காமையும் இன்றியமையாதன. பயிற்சி தசையைத் தூண்டுவதே. அதனைக் கட்டுவது உணவும் ஓய்வுமாம்.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்கே உரியது. 1924-ஆம் ஆண்டில் பாரிஸ் நகர ஒலிம்பிக் விழாவில், எரிக் லிடல் என்னும் ஸ்காத்லாந்து வீரர், 100 மீட்டர் ஓட்டத்தின் முதற்சுற்று ஞாயிறன்று நிகழ்வதறிந்து அதனைத் துறந்தார். 400 மீட்டர் ஓட்டத்திலோ 47.6 விநாடியில் ஓடிப் பொற்பதக்கம் பெற்றார். அவர் அன்று ஓடாது விட்டது பயிற்சி கருதியன்று, பக்தி கருதியே. எனினும், ஓய்வுநாளை இழப்பென எண்ணும் நம்மனோர்க்கு அது நல்லதோர் நினைவூட்டலாம்.

நண்பர்களே! ஓடுவோர் பளுவை அஞ்சற்க. பளு தூக்குவோர் ஓட்டத்தை இகழற்க. இரண்டும் வேண்டுவோர் இரு மடங்கு உழைக்க முற்படாது, உள்ள பொழுதைப் பகிர்ந்தளிப்பாராக. ஒரு திங்களில் அயர்ந்து விடும் பெருமுயற்சியினும், முதுமை வரை உடன்வரும் சிறுபயிற்சியே சிறந்தது.