எந்திரம் சொன்னால் நம்பலாமா?

அன்புள்ள கயல்,

ரோபோ தானே செய்து முடிக்கும் பரிசோதனையை எப்படி நம்புவது என்று கேட்டிருந்தாய். கருவி துல்லியமாக இருந்தால் போதும் என்கிறார்களாம் உன் வகுப்பில். எனக்கு அது போதாது.

அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் ‘ஏ-லேப்’ என்று ஒன்று உண்டு. பொடிகளைக் கலப்பது, உலையில் சுடுவது, விளைந்தது என்னவென்று எக்ஸ் கதிரில் பார்ப்பது எல்லாம் அதுவே. 17 நாளில் 41 புதுச் சேர்மங்களைச் செய்ததாக 2023 நவம்பரில் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. லண்டன், பிரின்ஸ்டன் வேதியியலாளர்கள் அதோடு வெளியான எக்ஸ் கதிர்ப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, புதிது என்று ஒன்றுமே இல்லை என்றார்கள். பொடி கலந்ததில் கோளாறில்லை, பதிவைப் படித்ததில்தான். படிகத்தில் ஒவ்வொரு தனிமத்துக்கும் தனி இடம் என்று மென்பொருள் எடுத்துக்கொண்டது. நிஜத்தில் பல சேர்மங்களில் இரண்டு தனிமங்கள் ஒரே இடத்தில் கலந்து கிடந்தன. அவை ஏற்கெனவே தெரிந்த பொருள்கள்தான் என்பது அவர்கள் வாதம். ஏ-லேப்காரர்கள் பதில் வாதம் செய்தார்கள். செய்யட்டும். மூலப்பதிவு வெளியில் இருந்ததால்தானே இந்தச் சண்டையே போட முடிந்தது!

போடி ஏலக்காய் ஏலத்தில் விலை கம்ப்யூட்டர் திரையில்தான் ஏறுகிறது. ஆனாலும் சாம்பிள் காயைக் கையில் வாங்கிப் பார்க்காமல் எந்த வியாபாரியும் விலை கேட்பதில்லை.

நம்மூர் பொட்டிப்புரத்துக்கு வருகிறேன். அம்பரப்பர் மலைக்குள், எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறைக்கு நடுவே, 50,000 டன் காந்த இரும்பு வைத்து நியூட்ரினோ என்னும் நுண்துகளைப் பதிவு செய்யத் திட்டம். நியூட்ரினோ யாரையும் ஒன்றும் செய்யாது என்று விஞ்ஞானிகள் சொன்னது உண்மை. அணுக்கழிவைக் கொட்டப்போகிறார்கள் என்று ஊரில் பரவியதற்கு ஆதாரமில்லை. ஆனால் பாறைக்கு வைக்கும் வெடி, தண்ணீர், காடு பற்றி ஜனங்கள் கேட்டதற்கு இயற்பியல் பதிலாகாது. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பதைக் காட்டி, 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. இங்கேயும் அறிவியலில் பிழையில்லை, அனுமதிக் காகிதத்தில்தான் இருந்தது. மறுவருஷம் மத்திய அரசு மீண்டும் அனுமதி தந்தும், 2022-இல் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது.

அந்த நியூட்ரினோ கருவியின் 85 டன் சிறு மாதிரி மதுரையில் இருக்கிறது. அனுமதி வாங்கிப் போய்ப் பார். மூலப்பதிவை எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள், வெளியாள் கேட்டால் கொடுப்பார்களா என்று கேள். எந்திரத்தின் முடிவைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் யார் கையில் என்பதையும் கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா