பாலும் தடுப்பூசியும்: இளம் செவிலியருக்கு ஒரு கடிதம்

கிராம சுகாதாரச் செவிலியராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் இளையவருக்கு,

தாய்ப்பால் குடித்து வளரும் குழந்தைக்குத் தடுப்பூசியும் வேண்டுமா என்னும் வினா, துணைச் சுகாதார நிலையத்திலும் வீட்டுத் திண்ணையிலும் செவிலியரை நோக்கி அடிக்கடி எழுவதாகும். அதைக் கேட்பவர் பெரும்பாலும் தடுப்பூசியை வெறுப்பவர் அல்லர். தம் பால் குழந்தையைக் காக்கும் என்று செவிலியரே சொன்னதை முழுமையாக நம்பிய தாயே அவ்வாறு கேட்கிறார். ஆகவே அவ்வினாவை அறியாமை என்று ஒதுக்குவதும், ஊசியை உயர்த்துவதற்காகப் பாலைத் தாழ்த்திப் பேசுவதும் ஒருசேரத் தவறு. பால் தடுப்பூசிக்கு ஈடாகாது என்பதே விடை. எனினும் ஏன் ஈடாகாது என்பதைச் செவிலியர் தாமே ஐயமறத் தெரிந்துகொண்டிருந்தால்தான் அவ்விடைக்குத் தாயிடம் மதிப்பிருக்கும்.

பாலின் ஆற்றலைக் குறைவின்றி ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்குவதே முறை. பிறந்த முதல் சில நாள்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில், ‘ஐஜிஏ’ எனப்படும் எதிர்ப்பொருள், அதாவது குறிப்பிட்ட கிருமியை இனங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதம், மிகச் செறிந்திருக்கிறது. தாயின் குடலிலும் மூச்சுப்பாதையிலும் நுழைந்த கிருமிகளை எதிர்கொண்ட அணுக்கள் அவளுடைய பால்சுரப்பிகளில் வந்து தங்கி அப்புரதத்தை உருவாக்குவதால், அவள் வாழும் வீட்டிலும் தெருவிலும் உலவும் கிருமிகளுக்கு ஏற்ற காப்பே பாலில் இறங்குகிறது. கிருமிக்கு வேண்டிய இரும்புச்சத்தைக் கவர்ந்துகொள்ளும் லாக்டோஃபெரின், கிருமியின் புறச்சுவரைச் சிதைக்கும் லைசோசைம், குடலில் நன்மை செய்யும் நுண்ணுயிர்களை வளர்க்கும் சர்க்கரைச் சேர்மங்கள் ஆகியனவும் உடன் வருகின்றன. வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளிடம் குறைவு என்பது பல நாடுகளிலும் உறுதிசெய்யப்பட்ட உண்மை. தாய்ப்பாலூட்டல் உலகெங்கும் உரிய அளவுக்குப் பரவினால் ஆண்டுக்கு 8,23,000 குழந்தை இறப்புகளைத் தவிர்க்கலாம் என்று லான்செட் இதழ் 2016-இல் வெளியிட்ட ஆய்வுத்தொடர் கணக்கிட்டது. இந்தப் பணியைப் பாலிடமிருந்து ஏற்றுச் செய்யவல்ல தடுப்பூசி எதுவும் இல்லை.

பாலின் வழியே நோய்த் தடுப்பாற்றல் சேயைச் சென்றடைவதைச் சோதனையால் காட்டியவர் பெர்லினில் ஆய்வு செய்த பவுல் எர்லிக். அவர் 1892-இல் வெளியிட்ட அச்சோதனை, செவிலியர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. ஏனெனில் பாலைப் பற்றிய மிகையான நம்பிக்கைக்கும் அதன் திருத்தத்திற்கும் அதிலேயே இடமிருக்கிறது. ஆமணக்கு விதையிலுள்ள ரிசின், குன்றிமணியிலுள்ள ஆப்ரின் ஆகிய நச்சுகளைச் சிறுகச் சிறுகக் கொடுத்து, அவற்றைத் தாங்கும் ஆற்றலைச் சுண்டெலிகளிடம் எர்லிக் உண்டாக்கினார். ஆற்றல் பெற்ற தந்தை எலிக்கும் பெறாத தாய் எலிக்கும் பிறந்த குட்டிகளிடம் அவ்வாற்றல் காணப்படவில்லை. தாய் ஆற்றல் பெற்றிருந்தால் குட்டிகளிடமும் அது இருந்தது. பின்னர் குட்டிகளை இடம் மாற்றிப் பால் குடிக்க விட்டபோது, நச்சுக்கு எளிதில் இரையாகும் தாய்க்குப் பிறந்த குட்டிகளும், ஆற்றல் பெற்ற தாயின் பாலைக் குடித்ததால் காப்புப் பெற்றன. ஆனால் சில வாரங்களில் அக்காப்பு மறைந்தது. உடல் தானே உண்டாக்கிக்கொள்ளும் தடுப்பாற்றல் வேறு, பிறரிடமிருந்து ஆயத்தமாகப் பெறும் தடுப்பாற்றல் வேறு என்ற பாகுபாடு இத்தகைய சோதனைகளால்தான் துலங்கிற்று. முன்னது சொந்த உழைப்பில் சேர்த்த பொருளைப் போன்றது, பின்னது இரவல்.

இதனினும் முக்கியமான வேறுபாடு ஒன்று பின்னாளில் தெளிவாயிற்று. சுண்டெலிக் குட்டியின் குடல், பாலிலுள்ள எதிர்ப்பொருளை ஏறத்தாழ இரண்டு, மூன்று வாரங்கள் வரை இரத்தத்திற்குள் ஏற்றுக்கொள்ளும். கன்றுக்குட்டியின் குடலும் பிறந்த முதல் நாளில் அவ்வாறே செய்யும். மனிதக் குழந்தையின் குடல் அவ்வாறு குறிப்பிடத்தக்க அளவில் ஏற்றுக்கொள்வதில்லை. ‘ஐஜிஏ’ வாயிலும் தொண்டையிலும் குடற்சுவரிலும் படிந்து நின்று, உட்புக வரும் கிருமியை அங்கேயே பிடிக்கிறது. இரத்தத்திலும் நரம்பிலும் நடக்கும் போரில் அதற்குப் பங்கில்லை. மனிதக் குழந்தையின் இரத்தத்திலுள்ள தாயின் எதிர்ப்பொருள் ‘ஐஜிஜி’ என்னும் வேறு வகையைச் சேர்ந்தது. அது கருவுற்ற காலத்தில், சிறப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், நஞ்சுக்கொடியின் வழியே வந்து சேர்கிறது. பிறந்தபின் மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறைந்துகொண்டே போகும். தாய் எவ்வளவு பால் கொடுத்தாலும் அந்தக் கையிருப்பு மீண்டும் நிரம்புவதில்லை.

பச்சிளங் குழந்தைகளுக்கு வரும் இரண ஜன்னியை நோக்கினால் இது விளங்கும். தூய்மையற்ற கருவியால் அறுக்கப்பட்ட தொப்புள்கொடியின் வழியாக நுழையும் கிருமி வெளியிடும் நஞ்சு நரம்புகளைத் தாக்குகிறது. குடலில் காவல் நிற்கும் எதிர்ப்பொருளால் அதைத் தடுக்க இயலாது. நம் பாட்டிமார் காலத்தில் குழந்தைகள் இரண்டாண்டும் அதற்கு மேலும் தாய்ப்பால் குடித்தே வளர்ந்தனர். அவ்வாறிருந்தும் இரண ஜன்னியும் தட்டம்மையும் தொண்டை அடைப்பானும் இளம்பிள்ளை வாதமும் அவர்களை விடவில்லை. கருவுற்ற தாய்க்குத் தடுப்பூசியும் தூய்மையான பிரசவமும் வாய்த்த பிறகே பச்சிளங் குழந்தைகளின் இரண ஜன்னி ஒழிந்தது. இந்தியா அந்நிலையை எட்டியதை உலக சுகாதார நிறுவனம் 2015-இல் உறுதிசெய்தது.

கக்குவான் இருமலின் கதையும் இதுவே. 2012-இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் அந்நோய் பரவியபோது 14 பச்சிளங் குழந்தைகள் இறந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் கருவுற்ற பெண்களுக்கு அதற்கான தடுப்பூசி போடும் திட்டம் தொடங்கிய பின்னர், இளங்குழந்தைகளிடையே அந்நோய் பெருமளவு தடுக்கப்பட்டது. இந்திய அரசின் திட்டத்தில் கருவுற்ற தாய்க்குப் போடப்படும் ஊசி இரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் உரியது, கக்குவானுக்கு உரியதன்று. ஆகவே கக்குவானையும் சேர்த்துத் தடுக்கும், ஆறாம் வாரத்தில் போடப்படும் ஐந்து நோய்த் தடுப்பூசியைச் சில வாரங்கள் தள்ளிவைப்பது, அந்த இருமல் உயிரைப் பறிக்கக்கூடிய வயதில் குழந்தையைக் காப்பின்றி விடுவதாகும்.

தாயிடமிருந்து வந்த காப்பு தடுப்பூசியின் வேலைக்கு இடையூறாவதும் உண்டு என்பதைச் செவிலியர் மறைக்கக் கூடாது. தட்டம்மைத் தடுப்பூசியில் வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ் இருக்கிறது. தாயின் ‘ஐஜிஜி’ குழந்தையின் இரத்தத்தில் மிகுந்திருக்கும்போது அதைப் போட்டால், அவ்வைரஸ் உடலில் பெருகிக் கிருமியை நினைவில் வைத்திருக்கும் குழந்தையின் அணுக்களைப் பழக்குவதற்கு முன்பே ஒடுக்கப்பட்டுவிடும். அதனால்தான் முதல் தவணை ஒன்பதாம் மாதம் நிறைந்தபின் வைக்கப்பட்டுள்ளது. அப்போது தடுப்பூசி பலனளிக்காமல் போன சிலருக்காக 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணை வேண்டும். இங்கு இடைமறிப்பது நஞ்சுக்கொடி வழியே வந்த எதிர்ப்பொருளே என்பதால், பாலை நிறுத்துவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

மிகக் கடினமான வினா ரோட்டா வைரஸைப் பற்றியது. அதனால் வருவது குடலில் நிகழும் நோய், பால் காவல் நிற்கும் இடமும் குடலே, தடுப்பு மருந்தும் வாய்வழியே செல்கிறது. வேலூரின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த 373 குழந்தைகளை மூன்று வயது வரை பின்தொடர்ந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோரை, தாய்ப்பால் முதன்மை உணவாக இருக்கும் முதல் ஆறு மாதத்துக்குள்ளாகவே ரோட்டா வைரஸ் தொற்றியிருந்தது. பால் நோயின் கடுமையைக் குறைக்கலாம். தொற்றை முழுவதும் தடுக்கவில்லை. தில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்ட ரோட்டாவாக் சொட்டு மருந்து, முதலாண்டில் கடும் நோயை ஏறத்தாழ 56 விழுக்காடு தடுத்தது. செல்வ நாடுகளில் இவ்வகை மருந்துகள் காட்டிய பலனைவிட இது குறைவு. பாலிலுள்ள எதிர்ப்பொருள் மருந்தை முறித்துவிடுகிறதோ என்ற ஐயம் எழுந்தது; இந்தியத் தாய்மாரின் பாலில் அவ்வைரஸை முறிக்கும் திறன் மிகுதி என்று ஆய்வகச் சோதனையும் காட்டியிருந்தது. ஆனால் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் தென்னாப்பிரிக்காவிலும், மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் சிறிது நேரம் பாலை நிறுத்திப் பார்த்த ஆய்வுகளில் எந்த நன்மையும் புலப்படவில்லை. எனவே ‘சொட்டு மருந்து போட்டால் அரைமணி நேரம் பால் கொடுக்காதே’ என்று இன்னும் சில இடங்களில் சொல்லப்படுவதற்கு அடிப்படையில்லை. அதை எவரேனும் சொன்னால் பணிவோடும் உறுதியோடும் திருத்த வேண்டியது செவிலியரின் கடமை.

இதற்கு மாறாக, ஊசி போடும் வேளையில் பால் கொடுத்தால் குழந்தைக்கு வலி குறைகிறது. உலக சுகாதார நிறுவனமும் 2015 முதல் இதைப் பரிந்துரைக்கிறது. சொட்டு மருந்தை முதலில் கொடுத்துவிட்டு, தாய் குழந்தையை மடியிலிட்டுப் பாலூட்டத் தொடங்கியபின் ஊசி போடுவது எளிது. மறைவான ஓர் இருக்கையும் சிறிது பொறுமையும் இருந்தால் போதும். கூட்டம் மிகுந்த தடுப்பூசி நாளில் இவ்விரண்டும் முதலில் கைவிடப்படுவது வருந்தத்தக்கது.

குறைமாதக் குழந்தையின் விஷயத்தில் தனிக் கவனம் தேவை. கடைசி மூன்று மாதங்களில் வரவேண்டிய ‘ஐஜிஜி’யின் பெரும்பகுதி அக்குழந்தைக்கு வந்து சேராமலே பிறப்பு நிகழ்ந்துவிடுகிறது. வீட்டுப் பெரியவர்களோ, குழந்தை தேறட்டும், எடை கூடட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடச் சொல்வர். அன்பினால் சொல்லப்படும் இச்சொல்லே அக்குழந்தைக்குத் தீங்காகிறது; மருத்துவர் வேறு காரணம் காட்டாதவரை, பிறந்த நாளிலிருந்து கணக்கிட்டு உரிய வாரத்திலேயே ஊசி போடப்பட வேண்டும்.

பெரியவர்களின் அன்பைப் போலவே வதந்தியும் ஊசியைத் தள்ளிப்போடச் செய்யும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, கைப்பேசி வழியே பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்கினர். அத்தகைய நேரத்தில் சுவரொட்டி செய்ய முடியாததை, பிரசவம் முதல் அந்தத் தாயுடன் பேசிப் பழகிய செவிலியரின் சொல் செய்யும். ஊசிக்குப்பின் காய்ச்சல் வரலாம், காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்ட இடத்தில் சிறு புண் தோன்றி ஆறித் தழும்பாகும் என்பவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அச்சொல்லின்மேல் நம்பிக்கை குலையாது.

முதலாண்டின் தவணைகளை ஒழுங்காக முடித்த தாய்மாரும், குழந்தை நடக்கத் தொடங்கியபின் எல்லாம் முடிந்துவிட்டதென்று எண்ணி, தட்டம்மைக்கான இரண்டாம் தவணைக்கு வாராது விடுவதுண்டு. பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே பதிவேட்டைத் திறந்து, 16 மாதம் நிறைந்தும் அத்தவணை விடுபட்ட குழந்தைகளின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அவர்களுடைய வீடுகளுக்கு நேரில் சென்று வாருங்கள். பால் குடிப்பதை இன்னும் விடாத குழந்தைகளின் வீடுகளுக்கும் தவறாமல் செல்லுங்கள்.