தம்பி, ஆவணத்தின் பக்கம் நில்

அன்புள்ள தம்பிக்கு,

அரசுத் துறையின் சட்ட ஆலோசகர் பட்டியலில் உன் பெயர் வந்திருப்பதை அறிந்து மனம் நிறைந்தது. சீனியரின் வழக்குக் கட்டுகளைச் சுமந்தவன், இனி அதிகாரிகள் கருத்துக் கேட்கும் நாற்காலியில் உட்காரப் போகிறாய். “மேலிடம் முதலில் முடிவெடுத்துவிட்டு, அதற்குத் தோதாகச் சட்டக் கருத்து எழுதித் தரச் சொன்னால் என்ன செய்வது?” என்று கேட்டிருந்தாய். பொறுப்பேற்கும் முன்பே இதைக் கேட்கத் தோன்றியதே, அதுவே எனக்கு நம்பிக்கை தருகிறது. இதே கேள்வியை வாழ்ந்து பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். உன்னைப் போன்ற இளைஞர்கள் பலரும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

அவர் பெயர் யோஹான் யாக்கோப் மோசர். 1701இல் ஸ்டுட்கார்ட் நகரில் பிறந்து, 1785இல் அங்கேயே மறைந்த ஜெர்மானியச் சட்ட அறிஞர். பத்தொன்பது வயதிலேயே ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர் ஆனவர். அன்றைய ஜெர்மனி ஒரே நாடாக இருக்கவில்லை. பேரரசர் ஒருவரின் கீழ் நூற்றுக்கணக்கான சிற்றரசுகள், ஆயர்களின் ஆட்சிப் பகுதிகள், சுதந்திர நகரங்கள். யாருக்கு என்ன உரிமை என்பது பழைய ஒப்பந்தங்களிலும் சாசனங்களிலும் தீர்ப்புகளிலும் சிதறிக் கிடந்தது. ரோமானியச் சட்டத்தையும் பொதுவான தர்க்கத்தையும் வைத்துப் பலர் வாதாடிய காலத்தில், மோசர் ஒன்றைத்தான் தேடினார்: இன்று நடைமுறையில் இருப்பது என்ன, அதற்கு ஆவணம் எங்கே? அந்தத் தேடலில் விளைந்ததுதான் 1737 முதல் ஐம்பது பாகங்களாக வந்த அவருடைய ஜெர்மானிய அரசமைப்புச் சட்ட நூல்.

அவர் வேலை செய்த முறையை நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். படித்ததை எல்லாம் துண்டுச் சீட்டுகளில் குறித்து, பொருள்வாரியாகப் பெட்டிகளில் அடுக்கி வைப்பார். புதிதாக ஒன்று கிடைத்தால் அதற்குரிய இடத்தில் செருகுவார். நூல் எழுத உட்காரும்போது அந்தப் பெட்டியிலிருந்து சீட்டுகளை எடுத்து வரிசைப்படுத்தினால் பாதி வேலை முடிந்திருக்கும். தான் கண்ட இந்த வழியை அலுவலகங்களில் எழுத்து வேலை பார்ப்பவர்களுக்காக 1773இல் தனி நூலாகவே எழுதி வெளியிட்டார். அந்தச் சீட்டுகளுக்கும் அவருடைய துணிச்சலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பதவியில் இருப்பவரின் முகத்துக்கு நேரே “இது முடியாது” என்று சொல்ல வேண்டுமானால், எந்த ஆண்டு, எந்த ஒப்பந்தம், எந்தப் பிரிவு என்பது விரல் நுனியில் இருக்க வேண்டும். கோப்பைப் படிக்காதவனின் துணிச்சல் முதல் குறுக்குக் கேள்வியிலேயே உதிர்ந்துவிடும்.

மறுக்கும் பழக்கம் அவருக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஓடர் நதிக்கரையிலுள்ள ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் தலைமை வகித்தபோது, 1737இல் பிரஷ்ய அரசர் முதலாம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் அங்கே வந்தார். முட்டாள்தனம் என்ற தலைப்பில் தன் அரசவை விதூஷகனோடு பேராசிரியர்கள் தன் முன்னிலையில் வாதம் புரிய வேண்டும் என்று உத்தரவிட்டார். மோசர் அதில் கலந்துகொள்ள மறுத்தார். 1739இல் அந்தப் பதவியையே விட்டு விலகினார். தம்பி, சிறிய அவமானத்துக்குத் தலையாட்டப் பழகியவனுக்குப் பெரிய அநியாயம் வரும்போது கழுத்து நிமிராது.

பெரிய சோதனை சொந்த மண்ணில் வந்தது. 1751இல் வூர்ட்டெம்பெர்க் நாட்டின் பிரதிநிதிகள் அவை அவரைத் தன் சட்ட ஆலோசகராக நியமித்தது. நகரப் பிரமுகர்களும் திருச்சபைத் தலைவர்களும் அடங்கிய அந்த அவையின் உரிமைகளுக்கு அடிப்படை, 1514இல் கையெழுத்தான ட்யூபிங்கன் ஒப்பந்தம். அன்று அந்நாட்டை ஆண்ட டியூக்கின் கடனை நாடு ஏற்றுக்கொண்டது. அதற்கு ஈடாக, அவையின் சம்மதம் இல்லாமல் வரி போடுவதில்லை, முறையான விசாரணை இல்லாமல் எவரையும் தண்டிப்பதில்லை என்று டியூக் வாக்களித்தார்.

மோசர் காலத்து டியூக் கார்ல் ஆய்கென். மாளிகை, ஓபரா, வேட்டை என்று பணத்தை வாரி இறைத்தவர். பிரான்சிடம் மானியம் வாங்கிக்கொண்டு ஆறாயிரம் வீரர்களைத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். ஏழாண்டுப் போர் மூண்டதும் பிரான்ஸ் ஆட்களைக் கேட்டது. இளைஞர்கள் வலுக்கட்டாயமாகப் படைக்குப் பிடிக்கப்பட்டார்கள். அவையின் சம்மதம் இல்லாமலே வரி வசூல் நடந்தது. மோசர் எடுத்த எடுப்பில் சண்டைக்குப் போனவரும் அல்லர். தொடக்க ஆண்டுகளில் இரு தரப்பையும் இணக்கப்படுத்தப் பாடுபட்டார். அவை உறுப்பினர்கள் சிலர் அவரை டியூக்கின் ஆள் என்றுகூடச் சந்தேகித்தார்கள். ஒப்பந்தம் வெளிப்படையாக மீறப்பட்ட பிறகுதான் அவையின் ஆட்சேபங்கள் கடுமையாயின. அவற்றுக்குப் பின்னால் இருப்பது மோசரின் கை என்று டியூக் முடிவு கட்டினார்.

1759 ஜூலையில் மோசரை வரவழைத்துக் கைது செய்தார்கள். குற்றப்பத்திரிகை இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பும் இல்லை. எந்த ஒப்பந்தத்தைக் காக்க அவர் எழுதினாரோ, அதன் இன்னொரு வாக்குறுதி அவர் உடல்மீதே மீறப்பட்டது. எரிமலைப் பாறை உச்சியில் நிற்கும் ஹோஹென்ட்வீல் கோட்டையில் தனிச் சிறை. அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. வாழ்நாளெல்லாம் எழுதிய கைக்குப் பேனாவும் மையும் மறுக்கப்பட்டன. விளக்குத் திரியைக் கத்தரிக்கும் கத்தரிக்கோலின் முனையால் சுவரில் கீறி எழுதினார். கிடைத்த காகித ஓரங்களிலும் அதே முனையால் பதித்தார். ஆழ்ந்த இறைப்பற்று உள்ளவர். இப்படியே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்திப் பாடல்களை இயற்றினார். அவர் உள்ளே இருந்தபோதே மனைவி காலமானார். தவறை ஒப்புக்கொண்டால் வெளியே விடுகிறோம் என்றார்கள். செய்யாத குற்றத்துக்கு அவர் கையெழுத்துப் போடவில்லை.

இங்கே ரீகர் என்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டியூக் சொன்னதற்கெல்லாம் ‘சரி’ என்று, ஈவிரக்கமின்றிப் படைக்கு ஆள் பிடித்துக் கொடுத்த அதிகாரி. 1762இல் இன்னொரு அமைச்சரின் சூழ்ச்சியில் அவரும் வீழ்ந்தார். டியூக் அவரை அடைத்த இடமும் ஹோஹென்ட்வீல்தான். தலையாட்டினால் பாதுகாப்பு என்று யாராவது உன்னிடம் சொன்னால் ரீகரை நினைத்துக்கொள்.

அவை பேரரசரின் நீதிமன்றத்தை நாடியது. பிரஷ்யா உள்ளிட்ட அரசுகளும் அழுத்தம் கொடுத்தன. ஐந்தாண்டுக்கும் மேல் சிறையிலிருந்த மோசர் 1764 செப்டம்பரில் விடுதலையானார். 1770இல் டியூக் அவையோடு ஓர் உடன்படிக்கைக்கு வந்து, அதன் பழைய உரிமைகளை ஏற்க நேர்ந்தது.

கதையை இங்கே நிறுத்தினால் அவரை அவையின் வீரராக மட்டுமே பார்ப்போம். பழைய பதவிக்குத் திரும்பிய மோசர், அவையின் நிர்வாகக் குழுவையும் விட்டுவைக்கவில்லை. சில குடும்பங்களின் கையில் சிக்கிய அந்தக் குழு, பொதுப் பணத்தைக் கணக்குக் காட்டாமல் செலவிட்டதை எதிர்த்தார். அவருக்காக வழக்காடியவர்களே அவரைப் பதவியிலிருந்து வெளியேற்றினார்கள். டியூக்குக்கு எதிராகப் பிடித்த அளவுகோலைத் தன் கட்சிக்காரருக்கு நேராகவும் பிடித்தார். நேர்மையான ஆலோசகரை அடையாளம் காண இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கருத்துக் கேட்டு வரும் கோப்பை முதல் தாளிலிருந்து நீயே படி. ஜூனியரின் சுருக்கத்தை நம்பிக் கருத்துச் சொல்லாதே. இணக்கத்துக்கு வழி இருந்தால் முதலில் அதைச் சொல். சட்டம் இடம் தராதபோது, தொலைபேசியில் முணுமுணுத்து முடித்துவிடாமல், பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடு. தேதியிட்டுக் கையெழுத்துப் போடு. உனக்கும் ஒரு நகல் வைத்துக்கொள். குரலை உயர்த்தாதே, வாசகத்தை மட்டும் மாற்றாதே. அடுத்த ஆட்சியில் வேண்டியவர்கள் வந்து எதிர்மாறான கருத்தைக் கேட்டாலும் அதே பிரிவை அதே மாதிரி படித்துக் காட்டு.

இப்படி நடந்தால் பட்டியலிலிருந்து உன் பெயர் நீங்கலாம், வருமானம் குறையலாம். அப்படி நடக்காது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அதனால் வீட்டுச் செலவை அரசு வழக்குகளை மட்டும் நம்பி வைக்காதே; உன் சொந்த அலுவலகத்தை மூடிவிடாதே. வேலை போனாலும் பிழைக்க வழி இருப்பவன்தான் அஞ்சாமல் கருத்து எழுத முடியும். அந்த ஏற்பாட்டை இந்த மாதமே தொடங்கிவிடு.

என்றும் அன்புடன்,
உன் நலம் நாடும் மூத்த வழக்கறிஞன்